பெயர்ந்து கொடுக்கும் தரை

என் வலது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளுத்து, தொட்டால் வழவழவென்று இருக்கும். டர்ஃப் என்று நாங்கள் சொல்லும் செயற்கைப் புல் மைதானத்தில் கால்பந்து ஆடத் தொடங்கிய முதல் மாதத்தில் வந்தது. நான் ரைட் பேக், வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரன். எதிரணியில் ஓரமாகப் பந்தோடு ஓடிவரும் விங்கர் என்னைத் தாண்டிவிட்டான் என்று தெரிந்த நொடியில் பக்கவாட்டில் சறுக்கிப் போய்ப் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிடுவது சின்ன வயதிலிருந்தே என் காலுக்குப் பழகிய வேலை. யோசித்துச் செய்வதில்லை, உடம்பே செய்துவிடும். அன்றும் செய்தது. பந்து வெளியே போயிற்று. எழுந்து நின்று பார்த்தபோது அந்த இடத்தில் தோல் இல்லை.

புண் ஆற இரண்டு வாரம் ஆனது. இரவில் போர்வை ஒட்டிக்கொள்ளும். காலையில் தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும். பெரிய காயம் என்று சொல்லமாட்டேன், கால்பந்து ஆடுகிற எவருக்கும் இதைவிட மோசமானது நேர்ந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் ஆடப் போனபோது நான் சறுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் சறுக்கவில்லை. அந்த முடிவை என்னைக் கேட்காமல் கால் எடுத்துவிட்டது. ஆறு வருடம் அதே டர்ஃபில் ஆடினேன். ஆறு வருடத்தில் ஒருமுறைகூடச் சறுக்கவில்லை.

இது என் ஒருவனுடைய பயம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு, 2008-ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். உயர்மட்ட ஆட்டக்காரர்கள் இயற்கைப் புல், செயற்கைப் புல் இரண்டிலும் எப்படி ஆடுகிறார்கள் என்று ஒப்பிட்டிருந்தார்கள். ஓடிய தூரத்திலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் செயற்கைப் புல்லில் சறுக்கித் தடுப்பது குறைந்திருந்தது, குட்டை பாஸ்கள் கூடியிருந்தன. ஆண் ஆட்டக்காரர்களிடம் கேட்டபோது செயற்கைப் புல்லில் ஆடுவது உடம்புக்கு அதிகச் சிரமம் என்றிருந்தார்கள். ஓடியது அதே தூரம்தான், இருந்தும் உடம்பு வேறு கணக்கு வைத்திருந்தது. படித்து முடித்தபோது என் முழங்கால்தான் ஞாபகம் வந்தது.

புல்லா, டர்ஃபா என்ற விவாதத்தில் எல்லாரும் முதலில் பந்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எவ்வளவு துள்ளுகிறது, எவ்வளவு தூரம் உருளுகிறது என்று. அதில் இன்றைய செயற்கைப் புல் நன்றாகவே தேறிவிட்டது. ஃபிஃபாவின் உயர்ந்த தரச்சான்றான குவாலிட்டி புரோ வேண்டுமென்றால், 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட பந்து 60 முதல் 85 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும். சான்றைத் தக்கவைக்க ஒவ்வொரு வருடமும் சோதனை. பந்தைப் பொறுத்தவரை எனக்குப் புகார் இல்லை. சொல்லப்போனால், மேடும் பள்ளமுமான மோசமான புல்தரையைவிட டர்ஃபில் என் பாஸ் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

என் கவலை காலைப் பற்றியது. வேகமாக ஓடிவந்து ஒற்றைக் காலை ஊன்றித் திரும்புகிறோம். பூட்ஸின் அடியிலுள்ள ஸ்டட் என்ற குமிழ் தரைக்குள் இறங்கியிருக்கிறது. உடம்பின் எடையும் வந்த வேகமும் திருகலாகி, கணுக்காலிலும் முழங்காலிலும் ஏறுகின்றன. நல்ல புல்தரை ஓர் அளவு வரை பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் வேர் அறும், மண் விடும், ஒரு கைப்பிடிப் புல் மண்ணோடு பெயர்ந்து பறக்கும். கால் விடுபட்டுவிடும். தொலைக்காட்சியில் பார்க்கிறபோது மைதானம் சிதைகிறதே என்று தோன்றும். அந்தப் பெயர்ந்த துண்டு, முழங்காலுக்கு வந்திருக்க வேண்டியதைத் தான் வாங்கிக்கொண்ட துண்டு.

செயற்கைப் புல்லின் இழைகள் அடித்துணியில் தைக்கப்பட்டு, பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. இழைகளுக்கு நடுவே கொட்டியிருக்கும் மணலும் ரப்பர் துகளும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். இழை பெயராது. பெயராமல் இருப்பதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். தரை விட்டுக்கொடுக்காத இடத்தில் வேறொன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

இதை எழுதும்போதே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆய்வுகள் எல்லாம் என் பக்கம் நிற்கவில்லை. யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் ஐரோப்பியத் தொழில்முறைக் கிளப்புகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு, மொத்தக் காயங்களின் எண்ணிக்கையில் இரண்டு தரைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. கணுக்கால் சுளுக்கு மட்டும் செயற்கைப் புல்லில் கூடுதல். அதற்குப் பின் வந்தவை சில அப்படியும் சில இப்படியும் சொல்கின்றன. புல் என்ற பெயர் இருந்தாலே பாதுகாப்பு என்றும் ஆகிவிடாது. 2015 டிசம்பரில் அமெரிக்கப் பெண்கள் அணி, ஹவாயில் ஆட வேண்டிய ஆட்டத்தை மைதானத்துச் செயற்கைப் புல் ஆடத் தகுதியற்றது என்று சொல்லிக் கைவிட்டது. அந்த ஆட்ட நாளுக்கு இரண்டு நாள் முன்பு அதே அணியின் மேகன் ரப்பினோவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. கிழிந்தது பயிற்சிக்குக் கொடுத்த புல்தரையில். கவனிப்பாரற்ற புல் எதையும் விட்டுக்கொடுக்காது. காய்ந்து இறுகிய மண்ணும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதனால் நான் ஒப்பிடுவது பராமரித்த புல்லையும் பராமரித்த டர்ஃபையும். நடைமுறையில் நடக்கிற ஒப்பீடு வேறு. பாழடைந்த புல்தரை ஒன்றைக் காட்டி, பக்கத்தில் நேற்று விரித்த டர்ஃபைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்கிற விதத்திலேயே பதில் இருக்கிறது.

செயற்கைப் புல் பரவிய கதையே நிழலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965-ல் அஸ்ட்ரோடோம் என்ற கூரை மூடிய அரங்கம் திறந்தபோது அதற்குள் இருந்தது உயிருள்ள புல். டிஃப்வே 419 என்ற பெர்முடா கலப்பினம். பெர்முடா என்று உலகம் சொல்வது நம் அருகு. 'அருகுபோல் வேரோடி' என்கிறோமே, அதே அருகுதான் இந்தக் கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று. நிலத்துக்கு மேலே ஒரு தண்டும் கீழே ஒரு தண்டும் ஓட்டி, வெட்ட வெட்டத் தழைக்கிற புல் அது. வெளிச்சம் மட்டும் வேண்டும். கூரையில் கண்ணாடி போன்ற தகடுகள் பதித்து வெளிச்சம் விட்டார்கள். அந்த வெளிச்சம் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசவைத்து, மேலே எழும்பிய பந்தைப் பார்க்க விடவில்லை. தகடுகளுக்கு வண்ணம் பூசினார்கள். கூச்சம் போயிற்று, கூடவே புல்லும் செத்தது. செத்த புல்லோடும் பச்சைச் சாயம் அடித்த மண்ணோடும் அந்தப் பருவத்தை ஓட்டினார்கள். 1966-ல் மான்சாண்டோ நிறுவனத்தின் கெம்கிராஸ் அங்கே விரிக்கப்பட்டது. பிறகு அந்த அரங்கத்தின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டு அஸ்ட்ரோடர்ஃப் ஆனது.

அருகையே சாகடிக்க முடியும் என்று காட்டிய கட்டடம் அது. பிளாஸ்டிக் வந்தது புல் தோற்றதால் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கூரையை முதலில் கட்டிவிட்டுப் புல்லைப் பிறகு யோசித்தார்கள். இது பிறகும் நடந்தது. 1990 உலகக் கோப்பைக்காக மிலான் நகரத்துச் சான் சீரோவில் மூன்றாவது அடுக்கும் கூரையும் ஏற்றினார்கள். வெயிலும் காற்றும் தரைக்கு வருவது குறைந்து, பல வருடம் அந்த மைதானம் திட்டுத் திட்டாகப் பெயர்ந்துகொண்டே இருந்தது.

கால்பந்துக்குள் செயற்கைப் புல்லை இங்கிலாந்தில் முதலில் கொண்டுவந்தது குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், 1981-ல், லாஃப்டஸ் ரோடு மைதானத்தில். பின்னால் லூட்டன், ஓல்டம், பிரெஸ்டன். அந்தத் தலைமுறைத் தரை கடினத் தளத்தின்மேல் விரித்த கம்பளம்தான். பந்து தலைக்குமேல் துள்ளும், சறுக்கினால் தோல் போகும். சொந்த மைதானத்தில் இந்தக் கிளப்புகள் அடைந்த சாதகம் எல்லாரையும் எரிச்சலூட்டியது. தடை முடிவாகி, கடைசியாக 1994-ல் பிரெஸ்டன் சுருட்டி எடுத்தது. பிறகு நீண்ட இழையும் ரப்பர் துகளுமாக மூன்றாம் தலைமுறை வந்தது. 2004-ல் ஆட்ட விதிகளே செயற்கைத் தரையை ஏற்றுக்கொண்டன. விதியில் இப்படியொரு நிபந்தனையும் எழுதியிருக்கிறது: நிறம் பச்சையாக இருக்க வேண்டும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். புல்லிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதன் நிறத்தை மட்டும் கேட்டு வைத்திருக்கிறோம்.

டர்ஃபுக்கு நான் பட்ட கடனையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு வருடமும் நான் ஆடியது இரவில், விளக்கொளியில், வேலை முடிந்து வந்த பிறகு. எங்களுக்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்பு, எங்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டம், சனி ஞாயிறு காலையிலிருந்து இடைவெளியே கிடையாது. மழை நின்று அரைமணி நேரத்தில் ஆட்டம் தொடங்கிவிடும். சாதாரணப் புல் மைதானம் ஒன்று வாரத்துக்குச் சில மணி நேர ஆட்டத்தைத்தான் தாங்கும். அதற்குமேல் போனால் கோல் முகப்பு முதலில் வழுக்கையாகும், பிறகு நடுவட்டம், பிறகு எல்லாம். டர்ஃப் நாற்பது மணி நேரத்தையும் தாங்கும். இடம் குறைந்து ஆட்கள் நிறைந்த ஊர்களில் இந்தக் கணக்கை யாரும் தட்டிவிட முடியாது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கும் நார்வேயின் பூடே நகரத்தில், மாதக்கணக்காகப் பனி மூடும் இடத்தில், செயற்கைப் புல் இல்லாமல் பூடே கிளிம்ட் என்ற கிளப் இந்த அளவுக்கு வளர்ந்திருக்க முடியாது. 2021-ல் அதே தரையில் இத்தாலியின் ரோமா கிளப்பை 6–1 என்று வென்றார்கள். அவர்களிடம் போய் டர்ஃப் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

'பராமரிப்பே வேண்டாம்' என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் டர்ஃபை அப்படிச் சொல்லித்தான் போட்டார்கள். மூன்றாவது வருடத்தில் இழைகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்துவிட்டன. தூரிகை வண்டி ஓட்டி அவற்றை நிமிர்த்த வேண்டும், காலோடு வெளியேறிய துகளை மறுபடி நிரப்ப வேண்டும், இறுகியதைக் கிளறிவிட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. பெனால்டி புள்ளி இருக்கும் இடத்தில் அடித்துணியே தெரிந்தது. நான்காவது வருடத்திலிருந்து, ஆடி முடித்த மறுநாள் குதிகால் வலிக்கும்.

துகள் போனது எங்கே? என் காலுறைக்குள், பூட்ஸுக்குள், துணி துவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டியில், வீட்டுக் குளியலறை மூலையில். ஒரு முழு அளவு மைதானத்துக்கு நூறு டன்னுக்குமேல் துகள் போடுகிறார்கள், பெரும்பாலும் பழைய டயரை அரைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 16,000 டன் துகள் இப்படிச் சுற்றுப்புறத்துக்குள் போகிறது என்று அங்குள்ள வேதிப்பொருள் முகமை மதிப்பிட்டது. 2023-ல் ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டின்படி இத்தகைய துகளை 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே விற்க முடியாது. தேங்காய் நார், தக்கை, ஆலிவ் கொட்டை என்று மாற்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் எட்டுப் பத்து வருடத்தில் கம்பளமே தேய்ந்துபோகும், அப்போது இழையும் பசையும் மணலும் ரப்பரும் ஒன்றாய்ப் பிணைந்த அந்தச் சுருளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதற்கு அவை பதில் அல்ல.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புல் தன் இலை வழியாக நீரை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கால் அது முடியாது. கடும் வெயிலில் டர்ஃபின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பகலில் அங்கே பயிற்சிக்கு வரும் குழந்தைகள் தண்ணீர் இடைவேளையில் தரையில் உட்காராமல் குதிகாலை மாற்றி மாற்றி வைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

2014-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். மறு வருடம் கனடாவில் நடக்கவிருந்த பெண்கள் உலகக் கோப்பையின் ஆறு மைதானங்களிலும் செயற்கைப் புல். ஆண்களுக்கான உலகக் கோப்பை ஒன்றுகூட அதுவரை செயற்கைப் புல்லில் நடந்ததில்லை. ஆபி வாம்பாக், நாடின் அங்கெரர் உள்ளிட்டோர் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். இது பாகுபாடு என்றார்கள். 2015 ஜனவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பிளாஸ்டிக்கிலேயே ஆடினார்கள். அதற்கு முன்பே அமெரிக்க ஆட்டக்காரர் சிட்னி லெரூ, டர்ஃபில் ஆடியபின் ரத்தம் கசியும் தன் கால்களைப் படமெடுத்து எல்லாரும் பார்க்கப் போட்டிருந்தார். அந்தப் படத்தில் இருந்த காயத்தை எனக்குத் தெரியும். அதே இடம், அதே பளபளப்பு.

ஆண்களுக்கு என்றால் என்ன செய்கிறார்கள் என்பதை 2026 உலகக் கோப்பை ஏற்பாடுகளில் பார்க்கலாம். தேர்ந்தெடுத்த 16 அரங்கங்களில் பாதி, மற்ற நாளெல்லாம் செயற்கைப் புல்லோடு இருப்பவை. இறுதி ஆட்டத்துக்கு ஒதுக்கிய மெட்லைஃப் அரங்கமும் அதில் ஒன்று. அத்தனையிலும் இயற்கைப் புல் வேண்டும் என்பது நிபந்தனை. டென்னசி, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகங்களின் புல் ஆய்வாளர்கள் இதற்காகவே பல வருடம் உழைத்திருக்கிறார்கள். கூரை மூடிய அரங்கத்துக்கு எந்த வகை, எத்தனை நேரம் விளக்கு, அடியில் என்ன மண் என்றெல்லாம். 1994-ல் போன்டியாக் சில்வர்டோமின் கூரைக்குக் கீழே அறுகோணப் பெட்டிகளில் புல் வளர்த்து உலகக் கோப்பை ஆட்டத்தை நடத்திக் காட்டியதும் இதே மிச்சிகன் குழுவினர்தான்.

அந்த உழைப்பு எனக்கு மகிழ்ச்சி தருகிறது. முடியாது என்று சொன்னதெல்லாம் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் போட்டி முடிந்ததும் பெரும்பாலான இடங்களில் புல் போய்விடும், பிளாஸ்டிக் திரும்பிவிடும். ஆக, எந்தத் தரை மேல் என்ற கேள்விக்கு இந்த விளையாட்டின் மேல்தட்டு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. நெதர்லாந்தின் முதல்நிலை லீக் 2025-26 பருவம் முதல் செயற்கைப் புல்லை விலக்கியது. ஸ்காட்லாந்தின் பிரீமியர்ஷிப் கிளப்புகளும் 2026-27 முதல் விலக்க வாக்களித்தன. தங்கள் கால்களுக்கு ஒன்று, குழந்தைகளின் கால்களுக்கும் என்னைப் போன்றவர்களின் கால்களுக்கும் இன்னொன்று. டர்ஃபும் புல்லும் சமம் என்று எங்களிடம் சொல்லும்போது, அதை நம்பாதவர்கள் சொல்கிறார்கள் என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

புல்லையும் கம்பளம்போல நடத்தினால் அது கம்பளமாகவே நடந்துகொள்ளும். மாஸ்கோவின் லுஷ்னிகி அரங்கத்தில் 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்காகச் செயற்கைத் தரையின்மேல் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். கொட்டிய மழையில் செல்சி அணியின் ஜான் டெரி பெனால்டி உதைக்கும் நேரத்தில் வழுக்கியதை மறக்க முடியுமா? 2024 கோபா அமெரிக்காவில் அட்லாண்டா அரங்கத்தின் செயற்கைத் தரைமேல் அவசரமாகப் புல் விரித்தபோது, ஜெயித்த அர்ஜென்டினாவே தரையைக் குறை சொன்னது. வேர் இறங்க நாள் வேண்டும். கலப்புத் தரைகள் எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். மண்ணுக்குள் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செயற்கை இழைகளை நெருக்கமாகச் செருகிவிடுகிறார்கள். வேர் அவற்றைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. கண்ணில் படும் புல்லில் மிகச் சிறு பங்குதான் பிளாஸ்டிக். ஓயாமல் பெயர்ந்து கெட்ட பெயர் வாங்கிய லண்டனின் புதிய வெம்ப்ளி அரங்கம், 2010-ல் இப்படி மாற்றிய பிறகுதான் நிலைத்தது. பிளாஸ்டிக் அங்கே வேருக்குத் துணையாக இருக்கிறது.

இரண்டு வருடமாக நாங்கள் ஆடுவது ஒரு புல் மைதானத்தில். வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான், மழை பெய்தால் அதுவும் இல்லை. அதைப் பார்த்துக்கொள்கிறவர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். பயிற்சிக்கான சின்ன கோல் கம்பங்களை வாரா வாரம் இடம் மாற்றி வைப்பார், ஒரே இடம் மிதிபடக் கூடாது என்று. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே தடவையில் வெட்டமாட்டார். முள்கரண்டி போன்ற கருவியால் தரையைக் குத்திக் குத்திக் காற்று விடுவார். ஆட்டத்துக்கு முன் பேனாக்கத்தியை மண்ணில் இறக்கிப் பார்த்து, சில நாள் 'இன்னைக்கு வேண்டாம் தம்பி' என்பார். அதற்கு மேல் விவாதம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் இருபத்திரண்டு பேரும் பத்து நிமிடம் மைதானத்தில் நடந்து, பெயர்ந்த துண்டுகளைப் பொறுக்கி, அதது பெயர்ந்த குழியில் வைத்து மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். இது அவருடைய ஒரே கட்டளை.

சென்ற மாதம் எதிரணி விங்கர் என்னைத் தாண்டினான். என் கால் போயிற்று. எனக்கே தெரியாமல், ஆறும் இரண்டும் எட்டு வருடம் கழித்து. இரண்டு அடி நீளத்துக்கு மண் கீறிக்கொண்டு போனது. பந்து கோட்டைத் தாண்டியது. எழுந்து முழங்காலைப் பார்த்தேன். சேறும் பச்சைக் கறையும் மட்டும்.

ஆட்டம் முடிந்ததும் அந்தக் கீறலைத் தேடிப் போனேன். புல் நாடாவாக உரிந்து ஓரத்தில் சுருண்டு கிடந்தது. அடியில் வேர்கள் வெள்ளையாக, இன்னும் ஈரமாக. விரித்து, குழியில் பொருத்தி, ஓரங்களை மிதித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு கை மணலைத் தூவிவிட்டு, 'மூணு வாரத்துல பிடிச்சுக்கும்' என்றார்.

இந்த வாரம் ஆட்டம் இல்லை. அந்தப் பக்கத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறார்.